தூரம் மாறவில்லை, நேரமே மாறுகின்றது

யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு வரைபடம் தரும் விடை மிக எளிமையானது. பலாலி விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் இடையிலான நேர்கோட்டு ஆகாயத் தூரம் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். பலாலியிலிருந்து கட்டுநாயக்க ஏறத்தாழ 290 கிலோமீற்றர். திருச்சிராப்பள்ளியோ 185 கிலோமீற்றர் அளவிலேயே உள்ளது. ஆகாய மார்க்கத்தை மட்டும் கணக்கிற் கொண்டால், குடாநாட்டு மக்களுக்குக் கட்டுநாயக்கவை விடத் திருச்சிராப்பள்ளி நூறு கிலோமீற்றர் கிட்டவாக இருக்கின்றது.

ஆனால், அங்கு போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் வரைபடம் மௌனமாகிவிடுகின்றது. அந்தக் கேள்விக்கு 1947 இல் ஒரு விடை இருந்தது. 1998 இல் வேறொரு விடை இருந்தது. 2007 இலும் 2021 இலும் இன்னும் வேறு விடைகள் இருந்தன. கடந்த எட்டுத் தசாப்தங்களில் பாக்கு நீரிணை ஓர் அங்குலமேனும் அகலவுமில்லை, ஒடுங்கவுமில்லை. விமானங்களோ முன்னரை விட வேகமாகப் பறக்கின்றன. இருந்தும் யாழ்ப்பாணத்துப் பயணி ஒருவர் சென்னையை அடைய எடுக்கும் நேரம் ஒரு சில மணித்தியாலங்களுக்கும் பல வாரங்களுக்கும் இடையில் ஊசலாடி வந்துள்ளது. தூரத்தை இயற்கை நிர்ணயிக்கின்றது. நேரத்தை அரசுகள் நிர்ணயிக்கின்றன. வடக்கின் விமானப் போக்குவரத்து வரலாறு உணர்த்தும் பாடம் இதுவேயாகும்.

இலங்கை வரைபடத்தில் கட்டுநாயக்கவையும் சென்னையையும் இணைத்து ஒரு நேர்கோடு வரைந்து பார்த்தால் விசித்திரமான ஓர் உண்மை புலப்படும். அக்கோடு யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேலாகவே செல்கின்றது. பலாலி அக்கோட்டிலிருந்து ஒரு சில கிலோமீற்றர் மட்டுமே விலகி நிற்கின்றது. கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கான மொத்த ஆகாயத் தூரம் ஏறத்தாழ 645 கிலோமீற்றர். பலாலியிலிருந்து தெற்கேயுள்ள 290 கிலோமீற்றரையும் வடக்கேயுள்ள 355 கிலோமீற்றரையும் கூட்டினால் வருவதும் அதே தொகைதான்.

இதன் பொருள் என்ன? பலாலியிலிருந்து நேரடி விமானம் இல்லாத காலங்களில், சென்னை செல்ல விரும்பிய யாழ்ப்பாணத்தவர் முதலில் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வீதி வழியாகத் தெற்கே சென்றார். பின்னர் கட்டுநாயக்கவில் விமானமேறி, வந்த அவ்வளவு தூரத்தையும் ஆகாயத்தில் மீண்டும் வடக்கு நோக்கிக் கடந்தார். தனது வீட்டுக் கூரைக்கு அண்மையாகப் பறந்தே அவர் இந்தியாவை அடைய வேண்டியிருந்தது. கொழும்புப் பயணத்துக்கு ஏழெட்டு மணித்தியாலங்கள், விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலங்கள், ஆகாயத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம், சென்னையில் குடிவரவுச் சோதனைகள் என்று கூட்டினால் அது ஒரு பகலையும் ஓர் இரவின் பெரும் பகுதியையும் விழுங்கும் பயணமாகும். நோயாளிகளுக்கும் முதியோருக்கும் இடையில் கொழும்பில் ஓர் இரவுத் தங்கலும் தவிர்க்க முடியாததாயிற்று.

ஆரம்பத்தில் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப் படையினரால் அமைக்கப்பட்டது. 1947 டிசெம்பர் 10 ஆம் திகதி எயார் சிலோன் தனது முதலாவது சேவையை ஆரம்பித்தபோது, அதன் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகவே சென்னையை அடைந்தது. நாடு சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே இலங்கையின் தேசிய விமானச் சேவை பலாலியைத் தொட்டுத்தான் வெளிநாடு சென்றது என்பது இன்றைய தலைமுறையினர் பலர் அறியாத செய்தியாகும். அக்காலத்தில் வடபகுதி நாட்டின் கடைக்கோடியாகக் கருதப்படவில்லை. அயல்நாட்டுக்குச் செல்லும் வழியில் அமைந்த முதல் வாசலாகவே அது கருதப்பட்டது.

எயார் சிலோன் 1970 களின் இறுதியில் மறைந்தது. அதனைத் தொடர்ந்து மூண்ட யுத்தம் பலாலியை முழுமையான இராணுவத் தளமாக்கியது. 1990 ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கு மக்கள் தமது வீடுகளையும் செம்மண் தோட்டங்களையும் விட்டு வெளியேறினர். அதே ஆண்டில் யாழ்தேவிப் புகையிரதச் சேவை நின்றுபோனது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டதும் கிளாலிக் கடனீரேரியில் இரவோடிரவாகப் படகேறி உயிரைப் பணயம் வைத்துப் பயணம் செய்தவர்களின் நினைவுகள் இன்னும் அழிந்துவிடவில்லை. ஒரு புகையிரத இரவில் முடிந்த கொழும்புப் பயணம் நாட்கணக்காக நீண்டது.

யுத்த காலத்தின் பிற்பகுதியில் பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையே சிவிலியன்களுக்கான தனியார் விமானச் சேவைகள் நடைபெற்றன. ஆகாயத்தில் ஒரு மணித்தியாலம் அளவே செல்லும் பயணம் அது. ஆனால் அந்த ஒரு மணித்தியாலமும் பாதுகாப்பானதாக இருக்கவில்லை. 1998 செப்டெம்பர் 29 ஆம் திகதி பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயார் நிறுவனத்தின் 602 ஆம் இலக்க விமானம் மன்னார்க் கடற்பரப்புக்கு மேலாகக் காணாமற்போனது. அதில் இருந்த 55 பேரில் ஒருவரேனும் திரும்பி வரவில்லை. விடுதலைப் புலிகளால் அது சுட்டு வீழ்த்தப்பட்டதென்றே பரவலாக நம்பப்படுகின்றது. அதன் சிதைவுகள் கடலடியில் கண்டறியப்படுவதற்கு 2012 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு மணித்தியாலப் பயணத்துக்குப் புறப்பட்டவர்களின் முடிவை அறிய அவர்களது உறவினர்கள் பதினான்கு ஆண்டுகள் காத்திருந்தனர்.

கடிகாரமே இரண்டாகப் பிளந்திருந்த காலமும் ஒன்றுண்டு. மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் நோக்கில் 1996 மே மாதத்தில் இலங்கையின் நியம நேரம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அது அரை மணித்தியாலமாகக் குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்குத் திரும்பும் வரை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையில் இந்த அரை மணித்தியால வேறுபாடு நிலவியது. சென்னையிலிருந்து கொழும்புக்கு வரும் விமானம் கால அட்டவணையில் அரை மணித்தியாலம் கூடுதலாகப் பறந்தது போலவும், திரும்பிச் செல்லும் விமானம் அரை மணித்தியாலம் குறைவாகப் பறந்தது போலவும் தோன்றியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலோ பழைய நேரமே பின்பற்றப்பட்டது. ஏ-9 வீதியில் ஓமந்தையைத் தாண்டியவர் தமது கைக்கடிகாரத்தையும் திருத்த வேண்டியிருந்தது. நேரம் என்பது அரசியலால் நிர்ணயிக்கப்படுகின்றது என்பதற்கு இதனை விட வெளிப்படையான சான்று வேறு வேண்டியதில்லை.

2002 இல் திறக்கப்பட்ட ஏ-9 வீதி 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. குடாநாட்டிலிருந்து வெளியேற விரும்பியவர்கள் பாதுகாப்புத் தரப்பினரின் அனுமதி பெற்றே கப்பலிலோ விமானத்திலோ செல்ல முடிந்தது. அனுமதிக்காகக் காத்திருந்த நாட்களையும் பயண நேரத்துடன் சேர்த்தே கணக்கிட வேண்டும். அவ்வாறு கணக்கிட்டால் 290 கிலோமீற்றர் தூரத்தைக் கடக்கப் பலருக்கு வாரங்கள் தேவைப்பட்டன. அதே காலப்பகுதியில் கொழும்பிலிருந்து இலண்டனுக்கு நேரடி விமானத்தில் பதினோரு மணித்தியாலங்களிற் போய்ச் சேரலாம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் ஐரோப்பாவிலிருந்து கொழும்பு வரை வந்தும் பெற்றோரைக் காண யாழ்ப்பாணம் செல்ல முடியாது திரும்பிய சோகங்கள் அக்காலத்துக்குரியவை.

யுத்தம் 2009 மே மாதத்தில் முடிவுக்கு வந்தது. வீதி திறந்தது. புகையிரதம் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை மீண்டும் வந்தடைந்தது. இந்தியத் துணைத் தூதரகம் 2010 இலேயே யாழ்ப்பாணத்தில் நிறுவப்பட்டது. ஆயினும் பலாலியிலிருந்து இந்தியாவுக்கு ஒரு பயணிகள் விமானம் பறப்பதற்கு யுத்தம் முடிந்து மேலும் பத்து ஆண்டுகள் தேவைப்பட்டன. இந்தக் கால தாமதத்துக்கு யுத்தத்தைக் காரணங் காட்ட முடியாது. தூரத்தையும் காரணங் காட்ட முடியாது.

இந்த இடைக்காலத்தில் நாட்டில் விமான நிலையமே கட்டப்படவில்லை என்றும் கூறிவிட முடியாது. 2013 மார்ச்சில் மத்தளையில் 3,500 மீற்றர் நீளமான ஓடுபாதையுடன், பெரும்பகுதி சீனக் கடனுடன், இருபது கோடி டொலருக்கும் அதிகமான செலவில் சர்வதேச விமான நிலையமொன்று திறந்து வைக்கப்பட்டது. உலகின் மிகப் பெரிய பயணிகள் விமானங்கள் இறங்கத்தக்க அந்த ஓடுபாதைக்குப் பயணிகள் வரவில்லை. தெற்கில் பயணிகள் இல்லாத ஓடுபாதை. வடக்கில் ஓடுபாதை இல்லாத பயணிகள். திட்டமிடல் மக்களின் தேவையிலிருந்து தொடங்காது அரசியல்வாதிகளின் ஆசையிலிருந்து தொடங்கினால் விளைவு இவ்வாறுதான் அமையும்.

2019 ஒக்டோபர் 17 ஆம் திகதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயருடன் திறந்து வைக்கப்பட்டது. அடுத்த மாதத்தில் எலையன்ஸ் எயார் நிறுவனம் சென்னைக்கான சேவையை ஆரம்பித்தது. மக்கள் அச்சேவைக்குப் பழகுவதற்குள் 2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றினால் அது நின்றது. அதில் எவரும் குறை காண முடியாது. உலகமே முடங்கியிருந்த காலம் அது. ஆனால் 2021 ஜனவரியில் கட்டுநாயக்க விமான நிலையம் உல்லாசப் பயணிகளுக்காக மீண்டும் திறக்கப்பட்டபோது பலாலி திறக்கப்படவில்லை. 2022 டிசெம்பர் 12 ஆம் திகதி வரை, அதாவது மேலும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், அது மூடியே கிடந்தது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் நாடு ஒவ்வொரு டொலருக்கும் ஏங்கி நின்ற மாதங்களிலும், புலம்பெயர் தமிழரையும் தமிழகப் பயணிகளையும் கொண்டு வரக்கூடிய அந்த வாசல் பூட்டப்பட்டிருந்தமை நியாயப்படுத்த முடியாத ஒன்றாகும்.

2024 செப்டெம்பர் முதலாம் திகதி இன்டிகோ நிறுவனம் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் நாளாந்தச் சேவையைத் தொடங்கியமையும், 2025 மார்ச் இறுதியில் திருச்சிராப்பள்ளிச் சேவையை ஆரம்பித்தமையும் நிலைமையைக் கணிசமாக மாற்றின. இச்சேவைகளில் ஈடுபடுத்தப்பட்டவை ஏ.ரி.ஆர்.-72 ரகத்தைச் சேர்ந்த, எழுபது முதல் எண்பது ஆசனங்கள் வரை கொண்ட விமானங்களாகும். மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும் இவ்விமானம் 355 கிலோமீற்றரை முக்கால் மணித்தியாலத்திற் கடந்துவிட வேண்டும். ஆனால் கால அட்டவணை ஏறத்தாழ ஒன்றேகால் மணித்தியாலம் என்றே கூறும். மேலெழுதலும் இறங்குதலும் குறைந்த வேகத்தில் நிகழ்வதும், ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதும், சென்னை போன்ற நெரிசல் மிக்க நிலையத்தில் தரையிறங்க முறை வரும் வரை காத்திருப்பதும் மீதி நேரத்துக்கான காரணங்களாகும். குறுகிய பயணத்தில் பறக்கும் நேரத்துக்குச் சமமாகக் காத்திருக்கும் நேரமும் அமைந்துவிடுகின்றது.

இதனால்தான் குறுந்தூர விமானச் சேவையொன்றின் பயனை அது பறக்கும் நிமிடங்களைக் கொண்டு மட்டும் அளவிடலாகாது. கிழமைக்கு மூன்று நாட்கள் மட்டும் விமானம் இருந்தால், இன்று விமானத்தைத் தவறவிட்டவர் மேலும் இரண்டு மூன்று நாட்கள் காத்திருக்க நேரிடும். அவருக்குப் பயண நேரம் ஒன்றேகால் மணித்தியாலமாக இருக்காது. மூன்று நாட்களாகவே இருக்கும். நாளாந்தச் சேவை அந்தக் காத்திருப்பை ஒரு நாளாகக் குறைக்கின்றது. விமானத்தின் வேகத்தை ஒரு கிலோமீற்றரேனும் கூட்டாமலே, சேவைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதன் மூலம் பயணத்தைச் சுருக்க முடியும்.

கட்டணத்துக்கும் இதே தர்க்கம் பொருந்தும். விமான நிலைய வரிகளும் தரையிறங்கும் கட்டணங்களும் பறக்கும் தூரத்துக்கேற்பக் குறைவதில்லை. நெடுந்தூரப் பயணச்சீட்டில் சிறு பங்காக இருக்கும் அதே வரி, குறுந்தூரப் பயணச்சீட்டில் பெரும் பங்காகிவிடுகின்றது. ஆசனங்கள் குறைந்த சிறிய விமானத்தில் அந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்வோரும் குறைவு. அடுத்த நாட்டுக்குச் செல்லும் பயணச்சீட்டு சாதாரண ஆசிரியர் ஒருவருக்கோ கமக்காரர் ஒருவருக்கோ எட்டாத விலையிலிருந்தால், சென்னை அவருக்கு 355 கிலோமீற்றருக்கு அப்பால் இல்லை. எட்டாத் தொலைவிலேயே உள்ளது.

இச்சேவை யாருக்குத் தேவை என்ற கேள்வியை அதிகாரிகள் பெரும்பாலும் உல்லாசப் பயணிகளின் எண்ணிக்கையை வைத்தே கேட்கின்றனர். இருதயச் சிகிச்சைக்கோ கண் சிகிச்சைக்கோ சென்னை செல்லும் முதியவர், எட்டு மணித்தியால வீதிப் பயணத்தைத் தாங்க மாட்டாதவர், இந்தப் புள்ளிவிபரத்தில் எங்கே இடம்பெறுகின்றார்? தமிழகப் பல்கலைக்கழகங்களிற் பயிலும் மாணவரும், சென்னையில் காலமான சகோதரியின் இறுதிக் கிரியைக்கு மறுநாட் காலைக்குள் போய்ச் சேரத் துடிப்பவரும் எங்கே இடம்பெறுகின்றனர்? யுத்தம் ஒரே குடும்பத்தை யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் ரொறன்ரோவிலுமாகச் சிதறடித்துள்ளது. இக்குடும்பங்களுக்கு ஒன்றேகால் மணித்தியாலத்துக்கும் ஒன்றரை நாளுக்கும் இடையிலான வேறுபாடு வசதி பற்றிய விடயமன்று. முகத்தைக் கடைசியாகக் காண்பதா, இல்லையா என்பது பற்றிய விடயமாகும்.

இங்கே நாம் கவனத்திற் கொள்ள வேண்டிய மறுபக்கமும் உள்ளது. 2019 இல் முதற்கட்டமாகத் திருத்தப்பட்ட ஓடுபாதை ஏறத்தாழ 1,400 மீற்றர் நீளமானது. சிறிய விமானங்களுக்கே அது போதுமானது. நடுத்தர ஜெட் விமானங்கள் முழுச் சுமையுடன் இயங்குவதற்குப் பொதுவாக 2,000 மீற்றருக்கு மேற்பட்ட ஓடுபாதை தேவைப்படும். எனவே ஓடுபாதையை நீடிக்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால் அதன் நான்கு பக்கங்களிலும் உள்ளவை வெறும் தரைகள் அல்ல. அவை 1990 இல் இடம்பெயர்ந்த மக்களின் காணிகள். உறுதிப்பத்திரங்களைக் கையில் வைத்துக்கொண்டு தமது கிணற்றடியைக் காண ஒரு தலைமுறைக்கு மேலாகக் காத்திருப்போர் அங்கே உள்ளனர். பலாலி - வசாவிளான் வீதி 2025 ஏப்ரலிலேயே, முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் மக்கள் பாவனைக்குத் திறக்கப்பட்டது. சென்னையை ஒன்றேகால் மணித்தியாலத்துக்குக் கிட்டவாகக் கொண்டுவந்த அதே இடத்தில், அடுத்த கிராமம் முப்பத்து நான்கு ஆண்டுகள் தூரத்தில் இருந்தது.

ஆகவே, அபிவிருத்தியின் பெயரால் மீண்டும் காணிகள் சுவீகரிக்கப்படுவதற்கு முன்னர், இராணுவப் பயன்பாட்டுக்கு அவசியமற்ற நிலம் எவ்வளவு, சிவில் விமானப் போக்குவரத்துக்கு உண்மையில் தேவைப்படும் நிலம் எவ்வளவு என்பது வெளிப்படையாக அறிவிக்கப்பட வேண்டும். தேவைப்படும் நிலத்துக்கு உரிய நட்டஈடும் மாற்றுக் காணியும் வழங்கப்பட வேண்டும். ஏனையவை உரியவர்களிடம் கையளிக்கப்பட வேண்டும். விமான நிலையமா, காணியா என்று மக்களைத் தமக்குள் மோதவிடும் நிலைமையை உருவாக்குவது பொறுப்புள்ள அரசாங்கமொன்றுக்கு அழகல்ல.

வாசல் திறந்தால் மட்டும் போதாது, வருபவரை வரவேற்கும் மனமும் வேண்டும். 2025 மே மாத இறுதியில், தமிழகத்தில் நீண்டகாலம் அகதியாக வாழ்ந்து பலாலி வழியாகத் தாயகம் திரும்பிய முதியவர் ஒருவர், முன்னர் சட்டவிரோதமாக நாட்டை விட்டு வெளியேறியதாகக் கூறப்பட்டுக் கைதுசெய்யப்பட்டமை பெரும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது. உயிருக்கு அஞ்சிப் படகேறியவர்கள் கடவுச்சீட்டில் முத்திரை பெற்றுச் சென்றிருக்க முடியுமா? அகதிகள் தொடர்பான சட்ட நடைமுறை தெளிவாகத் திருத்தப்படாதவரை, முகாம்களில் வாழும் ஆயிரக்கணக்கானோருக்குப் பலாலி கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தும் கால் வைக்க அஞ்சும் இடமாகவே இருக்கும்.

கடல் வழியையும் இதனுடன் சேர்த்தே நோக்க வேண்டும். காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையில் 2023 ஒக்டோபர் 14 ஆம் திகதி பயணிகள் கப்பற் சேவை ஆரம்பிக்கப்பட்டது. ஏறத்தாழ 110 கிலோமீற்றர் கடலைக் கடக்க நான்கு மணித்தியாலம் வரை செல்லும். தொடங்கிய சில நாட்களிலேயே பருவக் காற்றைக் காரணங்காட்டி நிறுத்தப்பட்ட அச்சேவை 2024 ஓகஸ்டிலேயே மீண்டும் ஆரம்பமானது. அதிக பொதிகளுடன் செல்லும் சிறு வியாபாரிகளுக்கும் குறைந்த செலவில் செல்ல விரும்புவோருக்கும் கப்பல். அவசரத்தில் உள்ளோருக்கும் நோயாளிகளுக்கும் விமானம் என்று இரண்டும் ஒன்றையொன்று நிரப்புவனவாக அமைய வேண்டும். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் விமானச் சேவையின் எண்ணிக்கையைக் கூட்டுவது போன்ற ஒருங்கிணைப்புக்குப் பெருஞ் செலவு தேவையில்லை, சிந்தனையே தேவை.

சேவையின் தொடர்ச்சிக்கு உத்தரவாதம், குறுந்தூரப் பயணத்துக்கேற்ற நியாயமான வரி, காணிப் பிரச்சினைக்கு நேர்மையான தீர்வுடன் கூடிய ஓடுபாதை விரிவாக்கம், தாயகம் திரும்புவோருக்குச் சட்டப் பாதுகாப்பு என்ற நான்கும் கொழும்பில் எடுக்கப்பட வேண்டிய தீர்மானங்களாகும். இவற்றுள் முதலாவதே ஏனைய அனைத்துக்கும் அடிப்படையானது. அடுத்த ஆண்டும் விமானம் இருக்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் நோயாளி சிகிச்சையைத் திட்டமிடுவார்; மாணவர் கல்லூரியைத் தெரிவுசெய்வார்; வர்த்தகர் முதலிடுவார். திறப்பு விழாக்களைப் பலாலி பல தடவைகள் கண்டுவிட்டது. இனி அதற்கு வேண்டியது தடையின்றி இயங்கும் சாதாரண நாட்களே.

1947 இல் ஒரு டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறையில் இறங்கி, பின்னர் சென்னை நோக்கி எழுந்தது. அன்று இருந்த 355 கிலோமீற்றர்தான் இன்றும் இருக்கின்றது. அதனைக் கடக்க ஒன்றேகால் மணித்தியாலமா, ஒன்றரை நாளா, அல்லது காலவரையறையற்ற காத்திருப்பா என்பதை வானிலையோ கடலோ தீர்மானிக்கப் போவதில்லை. அதனைத் தீர்மானிக்கும் இடத்தில் இருப்போர் தமது பொறுப்பை உணர்வார்களா?